உயர் அழுத்த கார்பன் டை ஆக்சைடால் ஆல்கஹாலையும் தண்ணீரையும் பிரிப்பது: சிறு அலகுக்குத் தோதுப்படுமா?

குடந்தைக்கொழுந்து:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் வெற்றிலைச் சாறு எடுக்கும் சிறு அலகு, உரிமத்தோடு நடப்பது. பச்சை இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிக்கிறோம். இலையின் தண்ணீரும் சேர்ந்துகொள்வதால் திரும்பி வரும் ஸ்பிரிட் எடைக்கணக்கில் 62 சதவீதம் வரை இறங்கிவிடுகிறது. நாளைக்கு 100 கிலோ சேரும். அதை மறுபடி 90-க்கு ஏற்ற வேண்டும். திறந்த வடிகலனில் காய்ச்சினால் வெற்றிலை மணம் கருகிப்போகிறது. கார்பன் டை ஆக்சைடை அழுத்தி ஏற்றினால் சூடே இல்லாமல் ஆல்கஹால் தனியாகப் பிரியும் என்று ஒரு காணொளியில் காட்டினார்கள். எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 99.5 வரை போகுமா? திருச்சி பக்கம் துவாக்குடியில் கலன் செய்து வாங்க முடியுமா?

அமுக்கம்73:
பிரியும். ஆனால் காணொளியில் காட்டுகிற மாதிரி இல்லை.

கார்பன் டை ஆக்சைடின் (சுருக்கமாகச் சிஓ2) மாறுநிலை 31 டிகிரி, 73.8 பார். இரண்டையும் தாண்டினால் திரவமும் இல்லாத வாயுவும் இல்லாத பாய்மம். தொழிலில் சூப்பர்கிரிட்டிக்கல் என்போம். 40 டிகிரி, 100 பாரில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 630 கிலோ. இந்த நிலையில் அதற்குத் தண்ணீர் பிடிக்காது, எடையில் 0.2 சதவீதம் போலத்தான் கரையும். எத்தனால், அதாவது உங்கள் ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால், கரையும். கலவையைக் கோபுரம் என்கிற நெட்டைக் கலனின் மேலிருந்தும் சிஓ2-வைக் கீழிருந்தும் விட்டால், மேலே போகிற சிஓ2 எத்தனாலை அள்ளிக்கொண்டு போகும். வெளியே அழுத்தத்தைக் குறைத்து சிஓ2-வை ஆவியாக்கினால் எத்தனால் அடியில் தங்கும். சிஓ2-வைக் குளிர்வித்துத் திரும்பவும் பம்பு செய்யலாம்.

சிக்கல் எங்கே என்றால், எத்தனாலுக்குத் தண்ணீர்தான் நெருங்கிய சொந்தம். எடுத்துக்காட்டுக்கு, 10 சதவீதக் கலவையோடு சமநிலையில் இருக்கும் சிஓ2-வில் எத்தனால் 1 சதவீதத்தைக்கூட எட்டுவது கஷ்டம். பங்கீட்டுக் கெழு, அதாவது சிஓ2-வில் உள்ள எத்தனால் செறிவைத் தண்ணீர்ப் பக்கச் செறிவால் வகுத்தது, 0.1-க்குக் கீழேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ கலவையிலிருந்து அந்த 10 கிலோ எத்தனாலைக் கிட்டத்தட்ட முழுதும் எடுக்க, நடைமுறையில் 1,500 கிலோ சிஓ2 கோபுரத்தைக் கடக்க வேண்டும். அந்த 1,500 கிலோவும் ஆளுக்கு 0.2 சதவீதம் தண்ணீரைத் தூக்கிவரும், அது 3 கிலோ. ஆக கையில் கிடைப்பது 13 கிலோ, அதில் எத்தனால் 77 சதவீதம். எத்தனாலில் ஒரு பங்கைக் கோபுர உச்சிக்கே திருப்பிவிட்டால் 85-க்கு மேல் போகலாம். 99.5 இந்த நிலையில் கனவு.

உங்கள் 62 சதவீதக் கலவைக்கு சிஓ2 தேவை இவ்வளவு இருக்காது. செறிவு ஏற ஏற சிஓ2 அதிக எத்தனாலை ஏற்கும். ஆனால் அந்த எத்தனாலே கைபிடித்துத் தண்ணீரையும் உள்ளே அழைத்துவரும். சுத்தத்தின் உச்சவரம்பு அப்படியேதான் இருக்கும்.

உமிச்சூளை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு கிலோ எத்தனாலுக்கு 150 கிலோ சிஓ2 சுற்ற வேண்டும். 20 டிகிரியில் சிஓ2-வின் ஆவியாதல் வெப்பம் கிலோவுக்கு 150 கிலோஜூல். 150-ஐ 150-ஆல் பெருக்கினால் 22.5 மெகாஜூல். ஒரு கிலோ எத்தனாலை எரித்தாலே 26.8 மெகாஜூல்தான் வரும்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

டெல்டாவில் அரிசி ஆலைக்கு ஆலை உமி மலையாகக் கிடக்கிறது. சரியான பாய்லரில் ஒரு கிலோ உமி 3 கிலோ நீராவி தரும். காய்ச்சி வடிப்பதை விட்டுவிட்டு இதற்கு ஏன் போக வேண்டும்?

அமுக்கம்73:
அண்ணே, அந்த 22.5 மெகாஜூல் உயர்ந்த சூடு இல்லை. ஆவியாக்க 30 டிகிரி போர் தண்ணீரே போதும். செலவு திரும்பக் குளிர்விப்பதில்தான். சில்லர் (குளிரூட்டும் எந்திரம்) ஒரு பங்கு மின்சாரத்துக்கு நாலு பங்கு வெப்பம் கடத்தும் என்றால் கிலோ எத்தனாலுக்கு 1.6 யூனிட். 55 பாரிலிருந்து 100 பாருக்குப் பம்பு செய்ய இன்னொரு 0.4. மொத்தம் 2 யூனிட். 1980-களில் அமெரிக்காவில் ஆர்தர் டி. லிட்டில் நிறுவனத்தின் வழிவந்த கிரிட்டிக்கல் ஃப்ளூயிட் சிஸ்டம்ஸ் இதைத் தொழிலளவில் கொண்டுவரப் பார்த்தபோது, ஆவியான சிஓ2-வை அமுக்கி அந்தச் சூட்டையே ஆவியாக்கலுக்குத் திருப்பிவிடும் முறையைத்தான் நம்பினார்கள்.

அதற்காக உமியை இது ஜெயித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கணக்கு முழுதாக இருக்கட்டும் என்றுதான்.

வடிகலன்:
99.5 கேள்விக்கு ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது.

சாதாரணக் காற்றழுத்தத்தில் வடித்தால் எடையில் 95.6 சதவீதத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே 78.2 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் வடித்துப் பயனில்லை, இதுதான் அசியோட்ரோப். சிஓ2 இந்தச் சுவரைத் தாண்டுமா என்பது அழுத்தத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 40 டிகிரியில் சுமார் 81 பாருக்கு மேல் போனால் சிஓ2-வும் எத்தனாலும் எந்த விகிதத்திலும் ஒன்றாகிவிடும். அப்போது 90-ஐ நெருங்கும் கலவையை உள்ளே விட்டால் கோபுரத்தில் இரண்டு அடுக்கே இருக்காது, எல்லாம் ஒரே பாய்மம். பிரிக்க எதுவும் மிஞ்சாது. 100 பாரில் சுத்தம் ஒரு வரம்போடு அடங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். அழுத்தத்தை 200-க்கு ஏற்றினால் இன்னும் மோசம். அழுத்தம் கூடினால் சுத்தம் கூடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

மாறாக 60 டிகிரியில் அந்த எல்லை 107 பார் அளவுக்கு உயரும். அதற்குச் சற்றுக் கீழே, 100 பாரில் நின்றால் எத்தனால் பக்கம் வரை இரண்டு அடுக்கு நீடிக்கும், அசியோட்ரோப்பைத் தாண்ட வழி திறக்கும். ஆனால் அங்கே சிஓ2-வின் அடர்த்தி 290 கிலோதான். கரைக்கும் சக்தி விழுந்துவிடும், சுற்ற வேண்டிய சிஓ2 எகிறும். ஆய்வகத்தில் நிரூபிக்கலாம், கட்டுப்படியாகாது.

தண்ணீரே இல்லாத ஆல்கஹால் வேண்டுமென்றால் 3ஏ மூலக்கூறு சல்லடை இருக்கிறது. அதன் துளை 3 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் நுழையும், எத்தனால் நுழையாது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை இந்தியா முழுக்க இப்படித்தான் உலர்த்துகிறார்கள். பழைய வழி சுட்ட சுண்ணாம்பு: ஒரு கிலோ தண்ணீருக்குக் கணக்குப்படி 3.1 கிலோ, கையில் கூடுதலாகவே போக வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? இலை ஊறவைக்க 99.5 எதற்கு? பச்சை இலையைப் போட்ட உடனே 80-க்கு வந்துவிடுமே.

குடந்தைக்கொழுந்து:
நியாயம் சார். 90 போதும். 99.5 ஆசைக்குக் கேட்டது. அப்படியென்றால் 90-க்கு மட்டும் சிஓ2 சரிவருமா? சூடு இல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

துவாக்குடிப்பட்டறை:
கலன் செய்வதைப் பற்றி நான் சொல்கிறேன். திருச்சி பெல் பாய்லர் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் தடித்த குழாய் வெல்டிங், ரேடியோகிராஃபி எல்லாம் அன்றாட வேலை. சோதனைக் கோபுரத்துக்கு 2 அங்குல ஷெட்யூல் 160 (தடித்த சுவர்), சீம்லெஸ் (நீள வெல்டிங் இல்லாத) 316 எல் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போதும். வெளிவிட்டம் 60.3, சுவர் 8.74, உள்விட்டம் 43 மில்லிமீட்டர். டிசைன் அழுத்தம் 200 பார் என்று எடுத்தால் குழாயின் சுவர் தடிமனில் 12.5 சதவீதத் தயாரிப்புக் குறைவைக் கழித்த பிறகும் தாராளமாகத் தாங்கும். 260 பாரில் தண்ணீர் ஏற்றிச் சோதிக்க வேண்டும். காற்றடித்துச் சோதிப்பதாக யாராவது சொன்னால் அந்தப் பட்டறைக்கே போகாதீர்கள்.

கார்பன் ஸ்டீல் வேண்டவே வேண்டாம். ஈரமான சிஓ2 கார்பானிக் அமிலம். 100 பாரில் தண்ணீரின் அமிலத்தன்மை பிஎச் 3 பக்கம் போய்விடும். ஓ-ரிங் (கசிவு தடுக்கும் வளையம்) விஷயத்தில் பலரும் பெட்ரோல் பழக்கத்தில் வைட்டான் ரப்பர் போடுவார்கள். வைட்டான் சிஓ2-வை உறிஞ்சி உப்பும். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே புகுந்த வாயு வெடித்து ரப்பரில் கொப்புளமும் கீறலும் விழும். கழற்றிப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி இருக்கும். ஸ்பிரிங் வைத்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) சீல் போடுங்கள், அழுத்தத்தை மெதுவாக இறக்குங்கள்.

இது பாய்லர் இல்லை, ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) வராது. தொழிற்சாலைச் சட்டம் 1948 நடப்பில் இருந்தவரை (2025 நவம்பர் வரை) அதன் 31-ஆம் பிரிவில் அழுத்தக் கலன் ஆய்வு வந்தது. சிலிண்டர்களுக்கு 2016 வாயு சிலிண்டர் விதிகள்.

நாகைஉப்புக்காற்று:
டெல்டா வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே.

30 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 45 லிட்டர். லிட்டருக்கு 0.667 கிலோ கணக்கில் நிரப்புகிறார்கள். 27, 28 டிகிரியிலேயே திரவம் சிலிண்டரை முழுதாக நிறைத்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விறுவிறுவென ஏறும். சித்திரை வெயிலில் கொட்டகை 40 டிகிரி என்றால் புதுச் சிலிண்டரில் 100 பாருக்கு மேல் இருக்கும், உள்ளே திரவம் என்ற ஒன்றே கிடையாது. பாதி தீர்ந்த சிலிண்டரில் 80 பார் சொச்சம் காட்டும், அடர்த்தியோ பாதி. கேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்லவே முடியாது, தராசில் வையுங்கள்.

இதை நேரே பம்புக்குக் கொடுத்தால் பம்பு வாயுவைக் குடித்துவிட்டுச் சும்மா அடித்துக்கொண்டிருக்கும், ஓட்டம் வராது. உள்ளே அடிவரை இறங்கும் குழாய் வைத்த சிலிண்டர் வாங்கி, பம்புக்கு முன்னால் 5 டிகிரிக்குக் குளிர்வித்து, பம்பின் தலையையும் கிளைகால் என்ற உறையாத குளிர்திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்க வேண்டும். அங்கே குழாயில் ஈரம் இருந்தால் அடுத்த வில்லங்கம். 10 டிகிரிக்குக் கீழே, 45 பாருக்கு மேலே சிஓ2-வும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற திடமாகி வடிகட்டியை அடைக்கும். திரும்பி வரும் சிஓ2-வை உலர்த்தாமல் குளிரூட்டிக்குள் விடாதீர்கள்.

இரண்டு வால்வுக்கு நடுவே திரவ சிஓ2 மாட்டிக்கொள்கிற ஒவ்வொரு துண்டுக் குழாயிலும் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் தனி ரிலீஃப் வால்வு வேண்டும். கரண்ட் போய் சில்லர் நின்றால் அந்தத் துண்டு சூடாகி, டிகிரிக்குப் பல பார் வீதம் ஏறும். நம் ஊரில் கரண்ட் போகாது என்று யாரும் எழுதிக்கொடுக்கப் போவதில்லை.

அழுத்தம் இறக்கும் வால்வில் 5.2 பாருக்குக் கீழே ஒரே தாவலாகப் போனால் உலர்பனி (திடமான சிஓ2) அடைக்கும். இரண்டு கட்டமாக இறக்கி, வால்வு உடலைச் சூடாக வைக்க வேண்டும். அடைப்பு தானே விலகும்போது குண்டு மாதிரி தெறிக்கும், எதிரில் நிற்கக் கூடாது.

கடைசியாக மூச்சு. 30 கிலோ சிஓ2 கசிந்தால் 17 கன மீட்டர் வாயு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறையின் மொத்தக் காற்றே 34 கன மீட்டர்தான். ஆக்சிஜன் மானியை நம்பாதீர்கள்: சிஓ2 4 சதவீதம், அதாவது உயிருக்கு ஆபத்தான அளவு வந்தாலும் ஆக்சிஜன் 20.9-லிருந்து 20.1-க்குத்தான் இறங்கும், மணியே அடிக்காது. சிஓ2-வையே அளக்கும் அகச்சிவப்பு மானி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு அது.

உமிச்சூளை:
இவ்வளவையும் கேட்ட பிறகும் ஆசை இருக்கிறதா தம்பி? :)

அமுக்கம்73:
கேலி வேண்டாம் அண்ணே. இந்த முறைக்கு ஏற்ற இடம் உண்டு. காப்பிக்கொட்டையில் காஃபின் எடுப்பதை ஜெர்மனியில் குர்ட் ஸோசல் காட்டிய பிறகு அது பெரிய தொழிலாகவே நிலைத்துவிட்டது. பானத்தில் ஆல்கஹாலை இறக்கும்போது, முதலில் மணப்பொருளைச் சிஓ2-வால் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சேர்ப்பதும் அர்த்தமுள்ள வேலைதான். கழிவுத் தண்ணீரில் கரையும் சிஓ2 40 டிகிரி, 100 பாரில் 5 சதவீதம் வரை. 100 கிலோவுக்கு நாலரைக் கிலோ இழப்பு. நொதிக்கும் தொட்டி பக்கத்திலேயே இருந்தால் 10 கிலோ எத்தனாலோடு 9.6 கிலோ சிஓ2 சும்மா வருகிறது, கழுவி உலர்த்தினால் இழப்புக்கு மேலேயே ஆகிவிடும். சாராய ஆலைக்கு இந்த வாதம் எடுபடும். குடந்தை நண்பருக்கு நொதித்தல் இல்லை.

அவருக்கு இன்னொரு தடையும் உண்டு, அதுதான் முக்கியம். வெற்றிலை மணத்தில் யூஜெனால் போன்ற எண்ணெய்ச் சத்துகள் இருக்கின்றன. அவை எத்தனாலைவிட ஆசையாகச் சிஓ2-வில் கரையும். கோபுரத்தில் ஆல்கஹாலை எடுக்கும்போது மணமும் கூடவே கிளம்பிவிடும். மணத்தைக் காப்பாற்றத்தானே இந்த வழிக்கு வந்தீர்கள்?

குடந்தைக்கொழுந்து:
அட, இது தோன்றவே இல்லையே! அப்படியென்றால் இலையையே நேராகச் சிஓ2-வில் போட்டால்?

அமுக்கம்73:
அதுதான் சரியான கேள்வி. எண்ணெய் மட்டும் போதும் என்றால் அதைச் செய்யலாம், ஆல்கஹாலே வேண்டாம். ஆனால் பச்சை இலை ஆகாது, நிழலில் உலர்த்தி ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உலர்த்தும்போதே கொஞ்சம் மணம் போகும். 40 டிகிரி, 90 முதல் 100 பார். அழுத்தம் ஏறினால் மெழுகும் பச்சையமும் சேர்ந்து வந்து குழம்பாகும். நீரில் கரையும் சத்துகள் இதில் வராது. உங்கள் வாங்குநர் முழுச் சாறு கேட்கிறார் என்றால் ஸ்பிரிட் வழியேதான்.

குடந்தைக்கொழுந்து:
முழுச் சாறுதான் கேட்கிறார்கள்.

வடிகலன்:
அப்போது வெற்றிட வடிகலன். கணக்கு போட்டுத் தருகிறேன்.

175 மில்லிபாரில் எத்தனால் 40 டிகிரியில் கொதிக்கும். 28, 29 டிகிரி போர் தண்ணீரே ஆவியைக் குளிர்விக்கப் போதும், சில்லர் வேண்டாம். இன்னும் ஆழமாக வெற்றிடம் இழுத்தால் ஆவி குளிராமல் பம்புக்கே போய்விடும். 90 மில்லிபாருக்குக் கீழே அசியோட்ரோப்பே மறையும் என்று படித்துவிட்டு அங்கே போக ஆசைப்படாதீர்கள். அந்தச் செறிவில் இரண்டின் ஆவியாகும் வேகமும் அநேகமாக ஒன்று, கோபுரத்தில் தட்டுகள் (பிரிக்கும் படிகள்) ஏராளம் வேண்டும், பனிநீரும் வேண்டும்.

100 கிலோ, 62 சதவீதம். 90 சதவீதத்தில் 67 கிலோ எடுத்தால் அடியில் 33 கிலோ தங்கும், அதில் 5 சதவீதம் ஆல்கஹால். பானையின் சூடு 45-இல் தொடங்கி முடிவில் 57-ஐ எட்டும், அதற்கு மேல் போகாது. மீள்வரத்து விகிதம் 2 என்றால், அதாவது வெளியே எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிலோவைக் கோபுர உச்சிக்கே திருப்பினால், மொத்த ஆவி 200 கிலோ, வெப்பம் 220 மெகாஜூல். எட்டு மணி நேரத்தில் ஓட்டினால் 7.5 கிலோவாட், சுடுநீர்ச் சட்டை போதும், நேரடி நீராவி தேவையில்லை. உமியில் 25 முதல் 30 கிலோ. குளிர்நீர் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர். கோபுரம் 150 மில்லிமீட்டர் விட்டம், கம்பிவலை அடுக்குப் பொதி 3 மீட்டர். அடுக்காமல் கொட்டி நிரப்பும் சில்லறைப் பொதி போட்டால் அழுத்த இழப்பு கூடி அடியில் சூடு ஏறும்.

முதல் இரண்டு, மூன்று கிலோவைத் தனியாகப் பிடியுங்கள், மணம் கொஞ்சம் அதில் ஏறும். அதை அடுத்த ஊறலுக்கே சேர்த்துவிடலாம்.

நாகைஉப்புக்காற்று:
கடலோரப் பக்கம் இதே அலகை வைப்பவர்களுக்கு: போர் தண்ணீரில் உப்பு இருந்தால் குளிர்விப்பானுக்கு 304 வகை எஃகு வேண்டாம், குளோரைடு துளை போடும். மோட்டார், சுவிட்சு எல்லாம் தீப்பிடிப்பு தடுக்கும் வகை. 90 சதவீத ஆல்கஹாலின் தீப்பற்றும் நிலை நம் ஊர் அறை வெப்பத்துக்குக் கீழே.

மட்டுறுத்துநர்:
படிப்பவர்களுக்கு: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இங்கே பொருந்தும். மீட்ட ஸ்பிரிட்டுக்கும் கணக்கு உண்டு. வடிகலன் அமைக்குமுன் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் உரிமத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவர்களின் வடிகலன் கேள்விகள் இந்த இழையில் நீக்கப்படும்.

குடந்தைக்கொழுந்து:
எல்லோருக்கும் நன்றி. துவாக்குடி அண்ணே, 175 மில்லிபார் கலனுக்கு விலைப்புள்ளி கேட்டு உள்பெட்டியில் எழுதுகிறேன். வெற்றிடப் பம்பு நீர்வளைய வகை போதுமா? பம்புத் தண்ணீரில் ஸ்பிரிட் வாடை வருமென்று சொல்கிறார்களே?

துவாக்குடிப்பட்டறை:
போதும். 30 டிகிரி தண்ணீரில் அந்தப் பம்பு 42 மில்லிபாருக்குக் கீழே இழுக்காது, உங்களுக்கு 175 தானே. வாடை வந்தால் பெரும்பாலும் காற்றுக்கசிவுதான் காரணம்: உள்ளே புகும் காற்று குளிர்விப்பானில் ஆவியை ஏந்திக்கொண்டு பம்புக்குப் போகும். காலிக் கலனை 175-க்கு இழுத்து, பம்பை மூடி, பத்து நிமிடம் பாருங்கள். 5 மில்லிபாருக்கு மேல் ஏறினால் ஃபிளாஞ்சு ஃபிளாஞ்சாகத் தேட வேண்டும், முதலில் பார்வைக் கண்ணாடியின் கேஸ்கெட்டைப் பாருங்கள். பம்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் சுற்றவிட்டு, வாரம் ஒருமுறை அதையும் வடிகலனிலேயே ஊற்றுங்கள். வரைபடம் அனுப்பும்போது கொட்டகையின் உயரத்தையும் எழுதுங்கள். பானையும் கோபுரமும் உச்சிக் குளிர்விப்பானும் சேர்ந்து ஐந்தரை மீட்டர் வரும்.